ஆறுதலாப் பாக்கேலாது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்காவது ஒரு காரியத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போனால் வேலாயி அக்காவிடம் போவார்கள். வேலாயி அக்கா டீவியைக் கேட்பார். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லித்தர வேறு யாரும் இருக்கவில்லை.

மடுல்சீமைக்கு அப்பால், பஸ் திரும்புகிற இடத்திலிருந்து மூன்று கட்டை தூரம் நடந்தால் எங்கள் லயம் வரும். அந்த அறை வரிசையில் ஐந்தாவது காம்பரா வேலாயி அக்காவுடையது. பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு நாடகம், ஏழரைக்கு ஒன்று, எட்டு மணிக்கு இன்னொன்று. மூன்றும் இந்தியாவிலிருந்து வருபவை. எந்தக் கதையில் யாருக்கு யார் என்ன உறவு, யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் பெட்டி நிறையக் கதைப்புத்தகங்களும் இருந்தன. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் பரப்பி விற்பார்களே, அட்டை கிழிந்த மாத நாவல்கள், அவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒரு புத்தகம் ஒரு மாதத்துக்குக் காணும்.

காலையில் பெரட்டில் பேர் பதிந்து முடிந்து கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது முதல் நாள் கதையைச் சொல்லுவார். ஒரு வசனம் தவறாது. மாமியார் பேசினால் மாமியார் குரல், வக்கீல் பேசினால் வக்கீல் குரல். கங்காணி கூடப் பின்னால் வந்து கேட்டுக்கொண்டு, "ம், சத்தம் போடாம நடங்க" என்று கடைசியில் ஒரு அதட்டல் போடுவார்.

அந்தக் கதைகளில் இருந்துதான் அவர் எங்களுக்கு வழி எடுத்துத் தருவார். ஆறாவது காம்பரா இராக்கம்மாவோடு அவருடைய மருமகள் இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்தாள்.

"நீ போயி அவகிட்ட உப்பு கேளு," என்றார் வேலாயி அக்கா.

"உப்பு வீட்டுல இருக்கே."

"இருந்தாலும் கேளு. குடுக்குறவளுக்கு வாய் தானா வரும். நான் வாசிச்ச புத்தகத்துல அப்படித்தான் செஞ்சாங்க."

இராக்கம்மா கேட்டார். மருமகள் உப்பைக் கொடுத்துவிட்டு, "கல்லுப்பா தூளுப்பா?" என்றாள். அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது.

அவருடைய புருஷன் வீரய்யா அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சம்பள நாளில் குடித்துவிட்டு வருவார். ஒரு நாடகத்தில் பார்த்தபடி, வேலாயி அக்கா சண்டை போடாமல் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சம்பளத்துக்கு அப்படி. நாலாவது சம்பளத்தில் அண்ணன் குடிக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார்.

"இவ பாக்குற பார்வைக்கு ஏறுனதெல்லாம் இறங்கிருதுடா," என்று லயத்து வாசலில் நின்று சொன்னார். "காசுக்குக் கேடு."

நான் எட்டாம் வகுப்போடு நின்று பதுளையில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து திரும்பி வந்த காலத்தில், யாரோடும் பேசாமல் மூலையில் இருப்பேன். வேலாயி அக்காதான் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டார். "இந்தாடி நிரஞ்சலா. இதுல ஒருத்தி உன்ன மாதிரியே வாயே தொறக்க மாட்டா. வாசிச்சுப் பாரு." அந்தப் பெண்ணுக்கு எப்படியோ எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்கும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

வீரய்யா அண்ணன் வெற்றிலை போடாத நேரம் நித்திரை கொள்ளும் நேரம் மட்டுந்தான். இடது கன்னத்தில் எப்போதும் ஒரு உருண்டை அடங்கியிருக்கும். போன பங்குனியில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புண் வந்தது. உறைப்புப் பட்டால் துடித்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள். ஆறவில்லை. சித்திரை வருஷம் கழிந்த கிழமை வேலாயி அக்கா அவரைப் பதுளைக்குக் கூட்டிப் போய், கடைத்தெருவில் பின்னேரங்களில் நோயாளர் பார்க்கிற ஒரு டொக்டரிடம் காட்டினார். ஆரூரன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்.

திரும்பி வந்த அன்றே வேலாயி அக்கா தண்ணீர்ப் பீலியடியில் இராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டாக்டரு கைய விரிச்சிட்டாருடி."

"என்னாக்கா சொல்லுற?"

"ஒன்னும் செய்ய ஏலாதாம். கொண்டு போங்கன்னுட்டாரு. அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. யாரும் வாயத் தொறந்தீங்க, இருக்கு."

டொக்டர் பேசும்போது வீரய்யா அண்ணன் பக்கத்தில் இல்லை. நாக்கைக் கரண்டியால் அமுக்கிப் பார்த்ததில் குமட்டி, வெளியே துப்பப் போயிருந்தார். வந்தவரிடம் அக்கா, "வெறும் வாய்ப்புண்ணுதானாம், சத்து இல்லாமையாம்" என்று சொல்லிவிட்டார். கதைகளில் நோயாளிக்குச் சொல்லுவதில்லை. வீட்டிலிருக்கிற மற்ற எல்லோருக்கும் தெரியும். நோயாளி மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து கொடுப்பார்கள்.

அப்படியேதான் செய்தார் அக்கா. நாட்டுக்கோழி அடித்தார். எங்கிருந்தோ ஆற்று மீன் வந்தது. இடித்த மாவில் இடியப்பம். வாய்க்கு நோகாமல் இருக்கட்டும் என்று ரொட்டியைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். வேலைக்குப் போகவேண்டாம் என்றார். டீவியில் அண்ணனுக்குப் பிடித்த பழைய படம் போட்டால் தன்னுடைய நாடகத்தை விட்டுக்கொடுத்தார். எங்கள் லயத்தில் யாரும் கண்டிராத சங்கதி அது. எல்லாவற்றையும் விட, அதுவரை திட்டிக்கொண்டே இருந்த வெற்றிலையைத் தானே மடுல்சீமைக்குப் போய் வாங்கிவந்து, நல்ல இலையாகப் பொறுக்கி, சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுத்தார். போகப்போகிற மனுஷனுக்கு அதையும் இல்லையென்று சொல்லுவதா என்று.

லயம் முழுக்க அந்த நாடகத்தில் நடித்தது. ஒருவர் வாழைப்பழச் சீப்பைக் கொண்டுவந்து வைத்தார். பத்து வருஷமாக வேலித் தகராறில் முகம் திருப்பிக்கொண்டு போனவர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

"என்னாடா இது," என்று அண்ணன் சிரித்தார். "தோட்டத்துல எல்லாரும் ஒரே நேரத்துல நல்லவனாயிட்டாங்க. எலெக்சன் வருதா?"

நாங்கள் சிரித்தோம். அக்கா அடுப்படிக்குப் போனார்.

வைகாசி போனது, ஆனி போனது. அண்ணன் சாகவில்லை. கன்னம் கொஞ்சம் தடித்தது, வாய் முழுக்கத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு இது குழப்பமாக இருந்தது. "கதையில ரெண்டு கிழமையில முடிஞ்சிரும்," என்று என்னிடம் ஒருநாள் இரகசியமாகச் சொன்னார். "இவரு இருக்காரு பாரு. அம்மன் கண்ணத் தொறந்திட்டா போல."

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை. மலையில் நாங்கள் நாலைந்து பேர் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றோம். மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. முதல்நாள் நாடகத்தில் ஒரு டொக்டர் வந்திருந்தார். அந்தக் கதையை அக்கா சொல்லி முடித்ததும் இராக்கம்மா கேட்டார்:

"ஒங்க டாக்டரும் இப்படித்தான் பேசுனாராக்கா?"

"இவரு யாழ்ப்பாணத்துப் பேச்சுடி. அது வேற மாதிரி."

"எப்படி? சொல்லிக் காட்டுங்க."

துக்கமான விஷயமென்றாலும் சொல்லிக்காட்டு என்று கேட்டால் அக்காவால் இருக்க முடியாது. கொழுந்துப் பையைச் சரித்து வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்வதுபோல விரலை மூக்கில் வைத்தார். மற்றக் கையால் ஒரு கடதாசியை நீட்டுவதுபோலக் காட்டினார். குரல் மாறியது.

"‘இதை ஆறுதலாப் பாக்கேலாது, அம்மா. இந்தாங்கோ துண்டு. கொண்டு போங்கோ.’ அப்புறம் மணிய அடிச்சாரு. அடுத்த ஆளு உள்ள வந்துட்டாங்க."

மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "ஆறுதலா ரெண்டு வார்த்த சொல்லக் கூட ஏலாதுன்னுட்டானே, படுபாவி," என்றார் இராக்கம்மா.

என் கை கொழுந்தில் அப்படியே நின்றுவிட்டது.

பதுளையில் நான் வேலைக்கு இருந்தது யோகமலர் டீச்சர் வீட்டில். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். போன முதல்நாள், பாத்திரங்களை விழுந்தடித்துக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம், "ஆறுதலாச் செய் பிள்ளை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டை விட்டு வந்த என் மனதை அறிந்து ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்து நாட்கள் கழித்துத்தான் விளங்கியது. "கடைக்கு ஆறுதலாப் போகலாம்", "அதை ஆறுதலாப் பாப்பம்" என்று அவர் நாளுக்கு இருபது தரம் சொல்லுவார். அவசரமில்லை, மெதுவாக, பிறகு. அவர்கள் பேச்சில் அதற்கு அவ்வளவுதான் பொருள். ஆறுதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை ஆறுதலாகப் பார்க்க முடியாது. தள்ளிப்போட முடியாது. உடனே பார்க்கவேண்டும்.

கொண்டு போகச் சொன்னது துண்டை. ஆளையல்ல.

ஆஸ்பத்திரி என்ற சொல்லை டொக்டர் சொல்லியிருப்பார், அக்கா தவறவிட்டிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். வேலாயி அக்கா ஒரு வசனத்தைத் தவறவிட்டு நான் கண்டதில்லை. துண்டு கொடுத்தால் எங்கே போகவேண்டுமென்று எல்லோருக்கும் தெரியும் என்று அந்த மனுஷர் நினைத்திருக்கவேண்டும்.

அந்த நேரமே நான் சொல்லியிருக்கவேண்டும். பத்து மணி இருக்கும். இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்லுவது, நான் நினைப்பது பிழையாக இருந்தால் என்ன செய்வது, பிழையாக இல்லாவிட்டால் இன்னும் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, மத்தியானக் கொழுந்து நிறுத்து, பின்னேரக் கொழுந்தும் நிறுத்து, லயத்துக்கு வந்து, முகம் கழுவி, அதற்குப் பிறகுதான் ஐந்தாவது காம்பராவுக்குப் போனேன்.

"அக்கா, அந்தத் துண்டு இருக்கா?"

"எந்தத் துண்டு?"

"டாக்டரு குடுத்தது."

ஆள் தப்பாது என்று எழுதியிருக்கிறது என நினைத்து வைத்திருந்ததை, சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்தார். சந்தனம் பட்டிருந்தது. நாலாக மடித்த இங்கிலிஷ் எழுத்து. எனக்கும் வாசிக்கத் தெரியாது. திகதி மட்டும் தெரிந்தது. மறுநாள் வேலைக்குப் போகாமல் இருவரும் மடுல்சீமைக்கு நடந்து, பஸீல் நானாவின் கடையில் கொடுத்தோம். கொழும்பில் வேலை செய்தவர், இங்கிலிஷ் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இது வார்ட்ல போடச் சொல்லி எழுதின கடிதம் தங்கச்சி. அவசரம்னு கீழ கோடும் போட்டிருக்கு. யாருக்கு இது?"

நானா கடிதத்தின் திகதியைப் பார்த்தார்.

"நாலு மாசமாகுதே. ஆள் இருக்காரா?"

"இருக்காரு," என்றேன் நான். "வீட்டுல இருக்காரு."

கடைக்கு வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து. மலையில வெச்சு."

"நேத்து எப்ப?"

"காலையில."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

லயத்துக்குத் திரும்பி, அண்ணனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பதுளைக்குப் போய்விட்டோம். ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் அண்ணனின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே இரண்டு உருண்டைகள் இருந்தன. அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழ் தெரிந்த தாதி எங்களுக்குச் சொன்னார்: இந்தக் கடிதம் சித்திரையில் எழுதினது, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்? அப்போதே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமே?

அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிங்களமும் தெரியும், தமிழும் தெரியும். இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டார்.

வார்டுக்கு அனுப்புவதற்கு முன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சரியாகத் திறக்காத வாயால் கேட்டார்:

"அப்ப நீ ஆக்கிப்போட்ட கோழியெல்லாம்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கே என் கருமாதிச் சோத்தப் போட்டிருக்க. நான் வேற ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேன்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

லயத்துக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. வாழைப்பழம் கொண்டுவந்தவர்களே பீலியடியில் நின்று பேசினார்கள். டீவி பார்த்துப் பார்த்துப் புருஷனைக் கொன்றுவிட்டாள். கதைப்புத்தகம் வாசிக்கிறவள் குடும்பம் நடத்தினால் இப்படித்தான். இராக்கம்மாகூட, "அந்த டீவியத் தூக்கி ஒடைக்காம இன்னும் வெச்சிருக்காளே" என்றார். அக்கா குடத்தைக் கீழே வைத்தார். அவர் குரலில் எந்த நாடகமும் இருக்கவில்லை.

"ஒடைக்கிறேன். ஒடைச்சுட்டு யாருகிட்டக் கேக்க? நீ சொல்லுவியா? கங்காணி எத்தன கிலோன்னு சொல்லுவாரு. டிஸ்பென்சரியில எல்லாத்துக்கும் ஒரே வெள்ளக் குளிச. தொர கார்ல போவாரு. ஒரு மனுசனுக்கு இப்படி ஒன்னு வந்தா வீட்டுல இருக்கவ என்ன செய்யணும்னு எனக்கு யாருடி சொன்னது, இத்தன வருசத்துல? அந்தப் பொட்டிதான் உக்காந்து மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லிச்சு. அது தப்பாச் சொல்லிருச்சு. சரி. சரியாச் சொல்ல யாரு வந்தீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கக் கூடாதே என்று நான் தண்ணீர் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வார்டில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். படம் எடுத்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். அக்கா பகல் முழுக்க அங்கேயே இருந்தார். யார் எது சொன்னாலும், "எங்க பேச்சுல திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கினார். மருந்து கொடுக்க வந்தவரிடம் கேட்டார், சாப்பாடு கொண்டுவந்தவரிடமும் கேட்டார். தமிழ் தெரிந்த அந்தத் தாதி நல்லவர். சலிக்காமல் சொன்னார்.

கடைசி நாள் நானும் போயிருந்தேன். பெண் டொக்டர் மெதுவாக, வெகுநேரம் பேசினார். தாதி அவ்வளவையும் தமிழில் சொன்னார். உள்ளே பரவிவிட்டது. வெட்டினால் வேதனைதான் கூடும். நோவுக்கு மருந்து தருகிறோம். வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

"எதைங்க கொண்டு போக?" என்றார் அக்கா.

தாதிக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"துண்டையா, ஆளையா?"

தாதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆளைத்தாம்மா," என்றார்.

அக்கா தலையாட்டினார். சொன்னதை ஒருமுறை தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது.

பதுளை பஸ் ஸ்டாண்டில் மடுல்சீமை பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. வீரய்யா அண்ணன் வாய்க்கு மேலே துவாயைச் சுற்றியிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, பைகளோடு நின்றேன்.

"என்னா சொன்னாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

அக்கா எதையும் மாற்றிச் சொல்லவில்லை. பரவியிருப்பதைச் சொன்னார், வெட்ட முடியாததைச் சொன்னார், மருந்து நோவுக்கு மட்டுந்தான் என்பதையும் சொன்னார். டொக்டரின் குரலிலோ தாதியின் குரலிலோ இல்லை, தன்னுடைய குரலிலேயே சொன்னார்.

அண்ணன் பஸ்கள் வெளிக்கிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொனராகலை பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"நாலு மாசம் நீ என்னோட ஒரு சண்டையும் போடல," என்றார். துவாய்க்குள்ளிருந்து வந்த பேச்சு பாதிதான் விளங்கியது. "எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்."

"வந்திருந்தா கேட்டிருக்கலாமில்ல? வாய்க்குள்ள வெத்தலய அடக்கிக்கிட்டு இருந்தீங்க."

"நீதான மடிச்சுக் குடுத்த."

"நான் குடுத்தா? ஒங்களுக்கு அறிவு எங்க போச்சு?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குத் தொண்டை கிழிந்துபோயிருந்தது. அவரும் விடவில்லை, அண்ணனும் விடவில்லை. பஸ் வந்து நின்ற பிறகும், ஒரு கையால் அவரைத் தாங்கிப் படியில் ஏற்றிக்கொண்டே அக்கா ஏசிக்கொண்டிருந்தார். அண்ணன் மேல்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கத் திரும்பி நின்றார்.